வீடு என்பது ஏழு மில்லி விநாடி

கூடத்தில் ஒரு ரெக்கார்டர் இருக்கிறது. நேற்றிரவு ஒளிபரப்பான படம் அதில் பதிவாகியிருக்கிறது. படுக்கையறையில் உள்ள சின்ன டிவி, வீட்டு நெட்வொர்க் வழியாக அந்தப் படத்தைக் கேட்கிறது. ரெக்கார்டர் உடனே கொடுத்துவிடாது. ஒரு சிறு செய்தியை டிவிக்கு அனுப்பிவிட்டு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும். ஏழு மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஏழு கூறுக்குள், பதில் வந்தாக வேண்டும். வந்துவிட்டால் கேட்பது வீட்டுக்குள் இருக்கும் டிவிதான் என்று ரெக்கார்டர் எடுத்துக்கொள்ளும். வராவிட்டால் அது வெளி ஆள். படம் கிடைக்காது.

டிடிசிபி-ஐபி என்ற பாதுகாப்பு நெறியில் இப்படி ஒரு விதி உண்மையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஜப்பானில் விற்பனையான ரெக்கார்டர்களிலும் டிவிகளிலும் இந்த நெறி பரவலாக இடம்பெற்றது. அந்த ஏழு என்ற எண்ணைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஏழு மில்லி விநாடியில் 1,400 கிலோமீட்டர். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் பாதி, 700 கிலோமீட்டர். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நேர்கோட்டில் 400 கிலோமீட்டர்தான். ஒளியின் வேகத்தை மட்டும் பார்த்தால், ஒசாகாவில் இருக்கும் டிவிகூட டோக்கியோ வீட்டின் படுக்கையறையில் இருப்பதாகவே கணக்காகிவிடும்.

ஆகவே இன்னொரு விதியும் சேர்த்தார்கள். இணையத்தில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் ஓர் எண் இருக்கும். வழியிலுள்ள ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானதும் பொட்டலம் குப்பைக்குப் போகும். வழி தவறிய பொட்டலங்கள் என்றென்றும் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக எப்போதோ செய்த ஏற்பாடு அது. சாதாரணமாக 64 அல்லது 128 என்று தொடங்கும் அந்த எண், இந்த நெறியில் மூன்றைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று ரௌட்டர்களைக் கடப்பதற்குள் பொட்டலத்தின் ஆயுள் முடிந்துவிடும். நேரமும் இந்த எண்ணும் சேர்ந்துதான் வீட்டின் சுவர்.

இந்த விதியைப் படித்த நாளிலிருந்து இது என் மனதை விட்டுப் போகவில்லை. வீடு என்றால் என்ன என்று யாரோ பொறியாளர்களைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் தங்களால் அளக்க முடிந்த ஒன்றை அளந்து பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதிலின்படி, உங்கள் வைஃபையில் இணைந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வீட்டு ஆள். வேறு ஊரில் வேலை பார்க்கும் உங்கள் மகன் இல்லை. சுவர் தடிமனாக இருந்து வைஃபை திணறினால் அடுத்த அறையில் இருக்கும் டிவிகூடத் தடுமாறும். அதனால்தான் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்துபார்க்க நெறி இடம் கொடுக்கிறது.

ஒரு பூட்டுக்கு வீட்டின் எல்லை ஏன் தெரிய வேண்டும்? அதைச் சொல்ல, பூட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

மறையாக்கம் பற்றிய பாடப்புத்தகங்களில் எப்போதும் மூன்று பேர் வருவார்கள். அனுப்புகிறவர் ஒருவர், பெறுகிறவர் ஒருவர், இடையில் ஒட்டுக்கேட்கிறவர் ஒருவர். கடிதம் பெறுகிறவருக்குப் புரிய வேண்டும், ஒட்டுக்கேட்பவருக்குப் புரியக் கூடாது. கணிதம் இதற்கு அருமையான விடைகளைக் கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் டிஜிட்டல் உரிமை மேலாண்மை, சுருக்கமாக டிஆர்எம், வேறு வகைச் சிக்கல். அங்கே பெறுகிறவரும் சந்தேகத்துக்குரியவரும் ஒரே ஆள். படத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள். அதைப் பிரதி எடுத்து ஊருக்கு விநியோகித்துவிடுவாரோ என்று ஸ்டூடியோ அஞ்சுவதும் உங்களைப் பார்த்துத்தான். படத்தைத் திறக்கும் சாவி உங்கள் வீட்டுக்குள் வந்தாக வேண்டும், ஆனால் உங்கள் கையில் கிடைக்கக் கூடாது.

கணிதத்தால் மட்டும் இதைச் செய்ய முடியாது. சாவியைக் கருவிக்குள் புதைத்துவைக்க வேண்டும், அந்தக் கருவியைச் செய்பவர் ஒழுங்காகப் புதைப்பதாகக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டவருக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ் கிடைக்கும். கருவி அதைக் காட்டினால்தான் உரிமம் வழங்கும் சர்வர் பேசும். ஏமாற்றிய கருவியின் சான்றிதழ் ரத்தாகும். படத்தைப் பூட்டுகிற வேலையைச் செய்வது பெரும்பாலும் ஏஇஎஸ் என்ற, உலகமே அறிந்த, ஒளிவுமறைவற்ற மறையாக்க முறை. வங்கிப் பரிமாற்றத்திலும் அதேதான். ஆக, எல்லா நிறுவனங்களின் பூட்டும் ஏறக்குறைய ஒரே பட்டறையில் செய்தது. வேறுபடுவது சாவியை யார் சுமந்து வருகிறார், யாரிடம் ஒப்படைக்கிறார், என்ன நிபந்தனையோடு ஒப்படைக்கிறார் என்பதுதான். இரண்டு டிஆர்எம் அமைப்புகளை ஒன்றாக இயங்கச் செய்வது என்றால், ஒருவர் நம்பிய கருவியை மற்றவரும் நம்பவேண்டும் என்று பொருள்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிடிஎச் செட்டாப் பாக்ஸ் கிடக்கிறது. நிறுவனம் மாறியபோது கழற்றி வைத்தது. மின்சாரம் கொடுத்தால் இன்னும் விளக்கு எரியும். புதிய நிறுவனத்தின் சிக்னலை அதற்குப் படிக்கத் தெரியாத அளவுக்கு எதுவும் வித்தியாசமில்லை, சாவி மட்டும்தான் வேறு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், எந்த நிறுவனத்தின் பெட்டியும் எந்த நிறுவனத்தின் சேவையோடும் இயங்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை. பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது.

நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ள நிறுவனங்கள் ஏன் இவ்வளவு தயங்குகின்றன? 1999இல் நடந்தது அவர்களுக்கு ஒரு பாடம். டிவிடி தட்டுகளின் பூட்டான சிஎஸ்எஸ் 40 பிட் நீளச் சாவியைக் கொண்டது. அப்படிப்பட்ட சாவிகள் மொத்தம் ஏறக்குறைய 1.1 லட்சம் கோடி. கேட்கப் பெரிய எண். கணினிக்கு எட்டாத எண் இல்லை. போதாக்குறைக்கு அந்த மறையாக்கத்தின் உள்ளமைப்பிலேயே பலவீனங்கள் இருந்தன. டிவிடி பிளேயர் செய்யும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனிச் சாவி கொடுத்திருந்தார்கள். அவற்றில் ஒரு மென்பொருள் பிளேயர் தன் சாவியைச் சரியாக மறைக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு பூட்டையே திறக்கும் டிசிஎஸ்எஸ் என்ற நிரல் வெளிவந்தது. வெளியிட்டவர்களில் ஒருவரான நார்வேயின் யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. அவர்மேல் வழக்குப் போட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய தட்டைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமாகாது என்று ஓஸ்லோ நீதிமன்றம் 2003 ஜனவரியில் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் விடுதலை. லினக்ஸ் கணினியில் டிவிடி பார்க்க அன்று அதிகாரபூர்வமாக வழி இல்லை என்பது இந்தக் கதையில் முக்கியம். வீட்டிலிருந்த ஒரு கருவியில் ஓடாத ஒன்றை ஓட வைக்கும் முயற்சிதான் பூட்டை உடைத்த முயற்சியாகப் பார்க்கப்பட்டது.

ஸ்டூடியோக்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. ஆயிரம் பேர் ஒழுங்காக மறைத்தாலும் ஒருவர் கோட்டைவிட்டால் போதும். கூட்டாளிகள் கூடக்கூடக் கசியும் இடங்களும் கூடும்.

ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இதே வாதத்தைத்தான் வைத்தார். ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2003 ஏப்ரலில் தொடங்கியது. பாடலுக்கு 99 சென்ட். பூட்டின் பெயர் ஃபேர்பிளே. அங்கே வாங்கிய பாட்டு ஐபாடில் ஓடும், வேறு நிறுவனத்தின் கையடக்க பிளேயரில் ஓடாது. 2004இல் ரியல்நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம், தன் கடையில் விற்கும் பாட்டுகளை ஐபாடிலும் ஓடவைக்கும் ஹார்மனி என்ற மென்பொருளை வெளியிட்டது. ஆப்பிள் கொதித்தெழுந்தது. சில மாதங்களில் வந்த புதிய ஐபாட் மென்பொருளில் அந்தப் பாட்டுகள் ஓடவில்லை. 2006இல் பிரான்ஸ் நாடாளுமன்றம், வெவ்வேறு பூட்டுகள் ஒன்றோடொன்று இயங்க வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுதப் பார்த்தது. ஆப்பிள் அதையும் எதிர்த்தது. ஃபேர்பிளேயை மற்றவர்களுக்கு உரிமம் கொடுத்தால் ரகசியம் பல கைகளுக்குப் போகும், ஓர் இடத்தில் கசிந்தால் எல்லா நிறுவனங்களின் கருவிகளையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது என்பது ஜாப்ஸின் விளக்கம். வியாபார நோக்கம் இருந்திருக்கும். ஆனால் அந்த வாதத்தில் பொறியியல் உண்மையும் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது.

மைக்ரோசாஃப்ட் நேர் எதிர்வழியில் போனது. தன் பூட்டைப் பல நிறுவனங்களுக்குக் கொடுத்து, அந்தப் பிளேயர்களில் எல்லாம் ஓடும் என்பதற்கு அடையாளமாக 2004இல் ப்ளேஸ்ஃபார்ஷ்யூர் என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் அதே நிறுவனம் ஸூன் என்ற சொந்தப் பிளேயரை வெளியிட்டபோது, அதில் ப்ளேஸ்ஃபார்ஷ்யூர் பாட்டுகள் ஓடவில்லை. எம்எஸ்என் மியூசிக் கடை மூடப்பட்ட பிறகு, அதன் உரிம சர்வரையும் 2008 ஆகஸ்ட் இறுதியில் நிறுத்துவதாக அறிவித்தார்கள். வாங்கிய பாட்டைப் புதிய கணினிக்கு மாற்ற வேண்டுமானால் அந்த சர்வர் சாவி கொடுத்தாக வேண்டும். சர்வர் போனால், பழைய கணினி பழுதாகும் நாளோடு பாட்டும் போகும். வாடிக்கையாளர்கள் கொந்தளித்த பிறகு கெடுவை 2011 வரை நீட்டினார்கள். பாட்டுக்கு இறுதியில் வந்த தீர்வு எளிமையானது. 2009இல் ஐடியூன்ஸ் பாட்டுகளின் பூட்டே கழற்றப்பட்டது. படங்களுக்கு அந்த விடுதலை வரவில்லை.

சரி, வீட்டுக்குத் திரும்புவோம். நான் மேலே சொன்ன ரெக்கார்டரும் டிவியும் ஒன்றையொன்று நம்புவதற்கு ஏற்பாடு செய்தவர்கள் ஹிட்டாச்சி, இன்டெல், மட்சுஷிட்டா, சோனி, டோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள். 1998இல் அவர்கள் வகுத்த டிடிசிபிதான் மேலே சொன்ன டிடிசிபி-ஐபிக்கு அடிப்படை. ரெக்கார்டரிலும் செட்டாப் பாக்ஸிலும் டிவியிலும் உள்ளே என்ன பூட்டு இருந்தாலும் இருக்கட்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியை மட்டும் பத்திரப்படுத்துவோம் என்பது அவர்களின் யோசனை. செட்டாப் பாக்ஸ் தன் பூட்டைத் திறந்து, டிடிசிபி பூட்டுப் போட்டு அனுப்பும். டிவி அதைத் திறந்து காட்டும். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பூட்டு.

இதில் என்னை வியக்க வைத்தது, சட்டத்தின் சிக்கலையெல்லாம் இரண்டே பிட்டுகளில் அடக்கிய விதம். 00 என்றால் தாராளமாகப் பிரதி எடுக்கலாம். 11 என்றால் பிரதியே கூடாது. 10 என்றால் ஒரு தலைமுறைப் பிரதி எடுக்கலாம். எடுத்த பிரதியில் அந்தக் குறி 01 ஆக மாறிவிடும், அதாவது இனி மேற்கொண்டு கூடாது. நூற்றுக்கணக்கான பக்க ஒப்பந்தங்கள் நான்கு நிலைகளாகச் சுருங்கிவிட்டன. அமைப்புகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் பொதுச் சொற்கள் வேண்டும், சொற்கள் குறையக் குறைய உடன்பாடு எளிது. அந்த ஐவர் வென்றது இதனால்தான்.

ஆனால் சொற்கள் குறைந்தால் வாழ்க்கை அதற்குள் அடங்காது. ஜப்பானில் 2004இல் டிஜிட்டல் ஒளிபரப்புகளுக்கு ஒரு தலைமுறைப் பிரதி என்ற குறியை இட்டார்கள். ரெக்கார்டரின் ஹார்டு டிஸ்கில் பதிவதே அந்த ஒரு பிரதி. அதைத் தட்டில் எழுதி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், பிரதி எடுக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். தட்டில் எழுத எழுத, ஹார்டு டிஸ்கிலிருந்து அழியும். எழுதும்போது தட்டில் கோளாறு வந்தால் அங்கும் இல்லை, இங்கும் இல்லை. குழந்தை டிவியில் வந்த நிகழ்ச்சியைப் பதிந்து வைத்த பெற்றோருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். புகார்கள் குவிந்தன. ஒளிபரப்பாளர்களும் படைப்பாளர் அமைப்புகளும் கருவி செய்பவர்களும் நீண்ட நாள் வாதாடி, 2008 ஜூலை 4 முதல் டப்பிங் 10 என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒன்பது பிரதி, பத்தாவதாக ஓர் இடமாற்றம். ஏன் ஒன்பது, ஏன் எட்டு இல்லை என்று எந்த அறிவியலும் சொல்லாது. பேரம் பேசி வந்த எண் அது. ஆனாலும் தட்டில் ஒரு கீறல் விழுந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தை அந்த எண் போக்கியது, அதற்காக அதை மதிக்கிறேன்.

கம்பிக்குக் கம்பி பூட்டுப் போடுவதைவிட, பூட்டுகளுக்கு இடையே ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்தால் என்ன? 2004 அக்டோபரில் எச்பி, இன்டர்ட்ரஸ்ட், மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சாம்சங், சோனி, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஆகியவை சேர்ந்து கோரல் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அவர்களின் யோசனை உண்மையிலேயே அழகானது. படம் வாங்கியதும் உங்களுக்குக் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட பூட்டுக்கான சாவி இல்லை, ஓர் உரிமைச் சீட்டு. இன்னார் இன்ன படத்தை இன்ன விதத்தில் பார்க்கலாம் என்பதை எந்த டிஆர்எம்மின் மொழியையும் சாராமல் அந்தச் சீட்டு சொல்லும். டிவிக்கு ஒரு பூட்டு, போனுக்கு வேறு பூட்டு என்றால், அந்தந்தப் பூட்டின் உரிம சர்வரிடம் சீட்டைக் காட்டுங்கள். அது தன் பாணியில் ஒரு சாவி வெட்டிக் கொடுக்கும். பூட்டுகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வேண்டியதில்லை, சீட்டை மட்டும் மதித்தால் போதும்.

வரைபடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அன்றைக்குச் சந்தையை ஆண்ட இரண்டு பூட்டுகளின் சொந்தக்காரர்கள், ஆப்பிளும் மைக்ரோசாஃப்ட்டும், அந்தக் கூட்டத்தில் இல்லை. இன்டர்ட்ரஸ்ட்டின் காப்புரிமைகளுக்காக மைக்ரோசாஃப்ட் 44 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டதே அதே 2004இல்தான். ஐபாட் வைத்திருப்பவர் வேறு கடைக்குப் போக முடியாமல் இருப்பது ஆப்பிளுக்கு நஷ்டமில்லை. மொழிபெயர்ப்பாளர் தயாராக இருந்தார். பேச வேண்டியவர்கள் வரவில்லை. கோரல் கடைத்தெருவை எட்டவே இல்லை.

அந்த யோசனை சாகவில்லை. 2008இல் பெரிய ஸ்டூடியோக்களும் கருவி நிறுவனங்களும் கூடி ஆரம்பித்த அமைப்பு, 2011 அக்டோபரில் அல்ட்ராவயலட் என்ற பெயரில் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. ப்ளூ-ரே தட்டு வாங்கினால் உள்ளே ஒரு குறியீட்டு எண் இருக்கும். அதைப் பதிந்தால், உங்கள் பெயரில் இருக்கும் மையப் பதிவேட்டில் இந்தப் படம் இவருடையது என்று ஏறிவிடும். பிறகு எந்தக் கடையின் செயலியிலும் பார்க்கலாம். வைட்வைன், பிளேரெடி, மார்லின் உட்பட ஐந்து பூட்டுகளை அவர்கள் அங்கீகரித்தார்கள். பூட்டுச் சண்டையை அப்படி ஒதுக்கிவைத்ததும், அடியில் கிடந்த கேள்வி மேலே வந்தது. இந்தப் படத்தை உங்கள் வீட்டில் யார் யார் பார்க்கலாம்?

ஐரோப்பாவின் டிவிபி அமைப்பு இந்தக் கேள்வியோடு ஏற்கெனவே மல்லாடியிருந்தது. சிபிசிஎம் என்ற அவர்களின் நெறியில் அங்கீகரிக்கப்பட்ட வட்டம் என்று ஒரு கருத்து உண்டு. ஒரே குடும்பத்தார் சொந்தமாகவோ வாடகைக்கோ வைத்திருக்கும் கருவிகள் எல்லாம் ஒரே வட்டம். குடும்பம் என்றால் ஒரே இருப்பிடத்தில் சேர்ந்து வாழ்கிறவர்கள். காருக்கும் விடுமுறை வீட்டுக்கும்கூட அந்த வட்டத்தில் இடம் உண்டு. பொறுப்போடு செய்த வரையறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெற்றோர் பிரிந்துவிட, வாரத்தில் பாதி நாள் அப்பா வீட்டிலும் பாதி நாள் அம்மா வீட்டிலும் இருக்கும் பிள்ளை எந்த வட்டத்தில்? வளைகுடாவில் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறையில் தங்கும் எட்டுப் பேர் ஒரே இருப்பிடத்தில் சேர்ந்து வாழ்கிறவர்கள்தான். ஊரில் இருக்கும் மனைவி மக்கள் அப்படி இல்லை. வரையறையின்படி யார் குடும்பம்? மூன்று மாதம் மூத்த மகன் வீட்டிலும் மூன்று மாதம் இளைய மகன் வீட்டிலும் இருக்கும் பாட்டியின் டேப்லட், ஒவ்வொரு முறையும் ஒரு வட்டத்திலிருந்து விலகி இன்னொன்றில் சேர வேண்டுமா? இவை விதிவிலக்குகள் என்று ஒதுக்கத்தக்கவை இல்லை. எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன.

அல்ட்ராவயலட்காரர்கள் அந்தச் சிக்கலுக்குள் போகாமல், எண்ணிக்கை ஒன்றை வைத்துக்கொண்டார்கள். ஒரு கணக்கில் ஆறு பேர், பன்னிரண்டு கருவிகள். அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்களா, ரத்த உறவா என்றெல்லாம் கருவி கேட்காது. ஏழு மில்லி விநாடியைவிட இது எவ்வளவோ மனிதத்தன்மை உள்ள வரையறை என்றே சொல்வேன். வீட்டின் எல்லையை வீட்டாரே வகுத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் அது நிலைக்கவில்லை. அல்ட்ராவயலட்டுக்கு ஒரு கணக்கு, கடைக்கு இன்னொரு கணக்கு, இரண்டையும் இணைக்க வேறு சில படிகள் என்று வாங்கியவர் அலைக்கழிந்தார். எல்லாப் பூட்டுக்கும் பொதுவான ஒரே கோப்பு வடிவம் வரும் என்ற வாக்குறுதி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. டிஸ்னி சேரவே இல்லை. அது தனியாக ஒன்றைத் தொடங்கி, 2017இல் மற்ற ஸ்டூடியோக்களையும் சேர்த்து மூவீஸ் எனிவேர் என்று விரித்தது. ஆப்பிளும் அமேசானும் அதற்குள் வந்தன. 2019 ஜூலை 31 அன்று அல்ட்ராவயலட் மூடப்பட்டது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் இருந்த அமைப்பு.

இத்தனை தோல்விகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சத்தமில்லாமல் வெற்றி பெற்றது. மேலே சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: பூட்டு எல்லாருக்கும் ஒன்றுதான், சாவி வரும் வழிதான் வேறு. அப்படியானால் படத்தை ஒரே முறை ஏஇஎஸ்ஸால் பூட்டி, கோப்பின் தலைப்பில் இதற்கு இந்த எண்ணுள்ள சாவி வேண்டும் என்று மட்டும் எழுதிவிடலாமே. வைட்வைனுக்கான குறிப்பு ஒரு சிறு பெட்டியில், பிளேரெடிக்கான குறிப்பு அடுத்த பெட்டியில். கருவி தனக்குத் தெரிந்த பெட்டியைப் படித்துத் தன் சர்வரிடம் போய்ச் சாவி வாங்கும். மற்றதைத் தாண்டிப் போகும். ஐஎஸ்ஓ தரமாக வந்த இந்தப் பொது மறையாக்க முறையில் யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை, யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. ஒருவருக்கும் நஷ்டமில்லாத ஆழத்தில் பொதுமை வைக்கப்பட்டது. அதனால் பிழைத்தது.

அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. ஏஇஎஸ் 16 பைட் கட்டிகளாகத்தான் வேலை செய்யும். கட்டிகளைத் தொடர்ச்சியாகக் கோக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு. ஒரு வழியில், 1, 2, 3 என்று ஏறும் எண்ணைப் பூட்டி, வரும் குழப்பத்தைப் படத்தின் தகவலோடு கலப்பார்கள். இன்னொன்றில், ஒவ்வொரு கட்டியையும் அதற்கு முன்னால் பூட்டிய கட்டியோடு கலந்து பூட்டுவார்கள். முதல் வழியை மற்றவர்கள் பிடித்தார்கள், இரண்டாவதை ஆப்பிள். ஒரே சாவிதான், ஒன்று இடப்பக்கம் திருகினால் திறக்கும், மற்றது வலப்பக்கம். விளைவாக, ஒரே படத்தை இரண்டு விதமாகப் பூட்டி, உலகெங்கும் உள்ள சர்வர்களில் இரண்டு பிரதியாகச் சேமிக்க வேண்டியிருந்தது. 2016இல் ஆப்பிளும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து பொதுவான கோப்பு வடிவம் ஒன்றை முன்மொழிந்தன. பிறகு மெல்ல மெல்ல எல்லாரும் ஆப்பிளின் முறையை ஏற்கத் தொடங்கினார்கள். அதில் இன்னொரு நயமும் உண்டு: வீடியோவில் பத்துக் கட்டிக்கு ஒன்றை மட்டும் பூட்டினால் போதும். பத்தில் ஒன்று சிதைந்தாலே படம் பார்க்கத் தகுதியற்றுப் போய்விடும், போனின் பேட்டரியும் மிச்சமாகும்.

பிரவுசருக்கும் இதே வழியைக் கொண்டுவந்தார்கள். வலைத்தளம் பூட்டோடு பேசும் மொழி மட்டும் பொது, பூட்டைத் திறக்கும் பகுதி அவரவர் ரகசியம். அந்த மொழியை 2017 செப்டம்பரில் டபிள்யூ3சி தரமாக அறிவித்தபோது, வாக்கெடுப்பில் 108 பேர் ஆதரவு, 57 பேர் எதிர்ப்பு. இணையத்தின் தரங்களை வகுக்கும் சபையில் அப்படிப் பிளவுபட்டது அபூர்வம். இணையப் பயனர்களின் உரிமைக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் அன்றே சபையிலிருந்து விலகியது. பூட்டுகளில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடிச் சொல்லும் ஆராய்ச்சியாளர்கள்மேல் வழக்குப் பாயாது என்ற உறுதிமொழியை அவர்கள் கேட்டிருந்தார்கள், கிடைக்கவில்லை. நியாயமான கோரிக்கை என்றே இன்றும் நினைக்கிறேன்.

இன்றைக்குப் போனில் பார்க்கும் படத்தை டிவிக்கு அனுப்ப ஒரு பொத்தானை அழுத்துகிறோம். போனிலிருந்து படம் டிவிக்குப் போவதாகத் தோன்றும். பெரும்பாலும் படம் எதுவும் போவதில்லை. போன் டிவியிடம் ஒரு முகவரியைச் சொல்கிறது. டிவி தானே சர்வரிடம் போய்த் தன் சான்றிதழைக் காட்டித் தன் சாவியை வாங்கிக்கொள்கிறது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருந்த கம்பியும், அதன் பூட்டும், ஏழு மில்லி விநாடியும் தேவையற்றுப் போயின. கருவிகள் ஒன்றோடொன்று பேசவேண்டிய அவசியமே இல்லாமல், ஒவ்வொன்றும் தொலைவிலுள்ள ஒரே சர்வரோடு பேசுவதால்தான் இன்று எல்லாம் ஒத்திசைவாகத் தெரிகின்றன. வீட்டு நெட்வொர்க்கில் கருவிகளைப் பேச வைக்க 2003இல் தொடங்கி, பிறகு டிஎல்என்ஏ என்று பெயர் பெற்ற கூட்டமைப்பு 2017இல் கலைக்கப்பட்டது.

ஆனால் கேள்வி போகவில்லை, சர்வருக்கு இடம் மாறிவிட்டது. 2023 மே மாதம் அமெரிக்காவிலும் ஜூலையில் இந்தியாவிலும், ஒரு கணக்கை ஒரே வீட்டார்தான் பயன்படுத்தலாம் என்ற விதியை நெட்ஃபிளிக்ஸ் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீடு எது என்பதை அது இணைய முகவரியையும், கருவிகளின் அடையாளத்தையும், அவை எப்போது எங்கே பயன்படுகின்றன என்பதையும் வைத்து முடிவு செய்கிறது. டிடிசிபி செய்தவர்கள் கடிகாரத்தால் அளந்ததை இவர்கள் பழக்கத்தால் அளக்கிறார்கள். சனி ஞாயிறு எங்கே இருக்கிறோம், எந்த டிவி எந்த வைஃபையில் விழிக்கிறது என்பதெல்லாம் சுவரின் செங்கற்கள்.

என் தங்கை மகள் கோவையில் ஒரு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் எடுத்திருக்கும் ஒரு சேவையில் அங்கே படம் பார்க்கப் போனால் சில சமயம் திரை நின்றுவிடும், இந்தக் கருவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததுதானா என்று கேட்கும். நான்கு இலக்க எண் ஒன்று வீட்டுப் போனுக்கு வரும், அதைச் சில நிமிடத்துக்குள் அவள் தட்ட வேண்டும். அவள் அம்மாவைக் கூப்பிடுவாள். அடுக்களையில் இருக்கும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைத் தேடி மாட்டி, எண்ணை ஒவ்வொன்றாகப் படிப்பாள். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்பாள். அதற்குள் திரையில் படம் ஓடத் தொடங்கியிருக்கும். இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள்.